வையிலட்பு அடுப்பங்கரை: நார்சிஸா விட்மனின் பதினோரு ஆண்டுகள்

1835-இல் அமெரிக்காவில் ஒரு பெண் மிஷனரியாகப் போக ஆசைப்பட்டால், அவளுக்கு முதலில் வேண்டியிருந்தது பக்தியோ படிப்போ அல்ல, புருஷன். நியூயார்க் மாநிலத்தின் பிராட்ஸ்பர்க் கிராமத்தில் 1808 மார்ச் 14 அன்று பிறந்த நார்சிஸா பிரெண்டிஸிடம் பக்தியும் படிப்பும் தேவைக்கு மேலேயே இருந்தன. பதினோரு வயதில் எழுப்புதல் கூட்டமொன்றில் மனந்திரும்பியவர். பதினைந்து வயதில் மிஷனரி ஆவதென்று முடிவெடுத்தவர். பள்ளியில் பாடம் நடத்தினார், தேவாலயத்தில் நல்ல குரலெடுத்துப் பாடினார். இருந்தும், ஆள் திரட்ட வந்த சாமுவேல் பார்க்கர் அவருக்காகப் பாஸ்டனுக்கு எழுதிக் கேட்டபோது, பூர்வகுடி மக்களிடையே கல்யாணமாகாத பெண்களுக்கு இப்போது வேலையில்லை என்ற தோரணையில்தான் பதில் வந்தது.

பதில் எழுதிய மிஷனரிச் சங்கத்துக்கு அமெரிக்கன் போர்டு என்று பெயர். யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு இது தெரிந்த பெயர்தான். வட்டுக்கோட்டை செமினரியை 1823-இலும் உடுவில் பெண்கள் பள்ளியை அதற்கடுத்த ஆண்டிலும் தொடங்கியது இதே போர்டு. உலகப்படத்தின் ஒரு மூலையில் யாழ்ப்பாணம், மறுமூலையில் நார்சிஸா போய்ச் சேரப்போகும் ஓரிகன், அதாவது வட அமெரிக்காவின் பசிபிக் கரைப் பிரதேசம். பாஸ்டனில் உட்கார்ந்திருந்த செயலாளர்களுக்கு இரண்டும் ஒரே கணக்குப் புத்தகத்தின் இரண்டு பக்கங்கள்.

நார்சிஸாவுக்குப் புருஷனும் போர்டின் வழியாகத்தான் அமைந்தார் என்று சொல்லலாம். மார்க்கஸ் விட்மன் என்ற மருத்துவரும் மேற்கே போக விண்ணப்பித்திருந்தார். அவருக்கும் மனைவி வேண்டும். பார்க்கர் இருவருக்கும் இடையில் பேச்சைத் தொடங்கிவைத்தார். 1835 பிப்ரவரியில் இருவரும் சில நாட்களே பேசிப் பழகி நிச்சயம் செய்துகொண்டார்கள். மார்க்கஸ் உடனே பார்க்கரோடு மேற்கே நிலவரம் பார்க்கக் கிளம்பினார். போன இடத்தில், விலங்குகளின் ரோமத்தோல் வாங்கும் வியாபாரிகளும் வேட்டைக்காரர்களும் கூடும் கோடைச் சந்தையில், ஜிம் பிரிட்ஜர் என்ற புகழ்பெற்ற மலைவேட்டைக்காரரின் முதுகில் சில ஆண்டுகளாகப் புதைந்து கிடந்த இரும்பு அம்புமுனையை அறுத்தெடுத்தார். சுற்றி நின்று பார்த்த பூர்வகுடி மக்கள் வெள்ளைக்கார வைத்தியரின் கையை வியந்தார்கள். அந்தப் பெயர் பின்னால் என்ன விலை கேட்டது என்பதற்கு வருவோம்.

1836 பிப்ரவரி 18 அன்று கல்யாணம். மணப்பெண் உடுத்தியிருந்தது கறுப்பு உடை. தாய்நாட்டுக்கு விடைகொடுக்கும் பாட்டொன்றைச் சபையார் பாட ஆரம்பித்து, ஒவ்வொருவராக அழுகையில் தொண்டை அடைத்து நிறுத்த, கடைசிச் சரணத்தை மணப்பெண் தனியாகவே பாடி முடித்தாராம். மறுநாளே பயணம் தொடங்கியது. அவர் பெற்றோரை அதன்பின் பார்க்கவேயில்லை.

கூட வந்த தம்பதி ஹென்றி, எலைசா ஸ்பால்டிங். இங்கே ஒரு சிக்கல். ஹென்றி நார்சிஸாவோடு ஒரே பள்ளியில் படித்தவர். அவரைப் பெண் கேட்டு மறுக்கப்பட்டவர் என்பது ஊர்ப்பேச்சு. நார்சிஸாவின் விவேகத்தில் தனக்கு நம்பிக்கையில்லை என்று வெளிப்படையாகவே சொன்னவர். அப்படிப்பட்டவரோடுதான் ஒரே கூடாரத்தில் மாதக்கணக்கில் படுத்தெழுந்து 3,000 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டியிருந்தது. அந்தக் கசப்பு பின்னால் பாஸ்டன்வரை கடிதங்களாகப் போய்ச் சேர்ந்தது.

ஆனால் அந்தப் பயணத்தில் நார்சிஸா வீட்டுக்கு எழுதியவற்றைப் படித்தால் அவரை விரும்பாமல் இருக்க முடியாது. இவ்வளவு நிறைவாகவும் சந்தோஷமாகவும் தான் ஒருநாளும் இருந்ததில்லை என்கிறார். ஒருபக்கமாகக் கால் போட்டு உட்காரும் சேணத்தில் நாள் முழுக்கக் குதிரைச் சவாரி. மூன்று வேளையும் காட்டெருமை இறைச்சி. அதைப்போல் பசியாற்றும் வேறொன்று இல்லையென்று புகழ்கிறார். மரமே இல்லாத சமவெளியில் அடுப்பெரிக்கக் காய்ந்த காட்டெருமைச் சாணம். இதைப் படித்ததும் தங்கை ஹாரியட் முகத்தைச் சுளிப்பாள், ஆனால் இங்கே இருந்தால் இதில் சமைத்த சாப்பாட்டுக்குச் சந்தோஷப்படுவாள் என்று சீண்டுகிறார். வறட்டி தட்டும் ஊரிலிருந்து படிக்கிற நமக்கு முகம் சுளிக்கவும் காரணமில்லை.

ஜூலை 4 அன்று ராக்கி மலைத்தொடரின் தென்கணவாயைக் கடந்தார்கள். அமெரிக்க வெள்ளைப் பெண்கள் அந்த மலைமுகட்டைத் தாண்டியது அதுவே முதல்முறை. நார்சிஸா அப்போது கருவுற்றிருந்தார். மலைகளுக்கு அப்பால் பாதை மோசமாக ஆக, வண்டி இரண்டு சக்கரத்துக்குச் சுருங்கியது, பாரங்களைக் கழிக்க வேண்டி வந்தது. ஹாரியட் கொடுத்த சின்னப் பெட்டியையும் விட்டுவிடும்படி ஆனபோது, இவ்வளவு தூரம் கூடவே வந்தது, இனி இங்கே தனியாகக் கிடக்கும் என்று தங்கைக்கு எழுதினார். ரோமத்தோல் வியாபாரக் கம்பெனியின் ஆள் ஒருவர் இரங்கி அதைத் தான் சுமந்துவருவதாகச் சொன்னார். வீட்டை விட்டு வந்ததற்கு எங்கேயும் அழாத பெண், ஒரு பெட்டிக்காகக் கலங்குவது அந்தக் கடிதத்தில்தான்.

செப்டம்பரில் கொலம்பியா ஆற்றங்கரையிலிருந்த வான்கூவர் கோட்டையை அடைந்தார்கள். அது ஹட்சன் விரிகுடா கம்பெனி என்ற பிரிட்டிஷ் ரோமத்தோல் வியாபார நிறுவனத்துக்கு அந்தப் பிரதேசத்தில் தலைமையகம். ஜான் மெக்லாக்லின் என்ற அதிகாரியின் ராஜ்ஜியம். ஆண்கள் இடம் பார்க்கப் போனார்கள். ஸ்பால்டிங் தம்பதி நெஸ் பெர்ஸ் மக்களிடையே லாப்வாயில் தங்குவது, விட்மன் தம்பதி கையூஸ் மக்களிடையே வையிலட்புவில் தங்குவது என்று முடிவாயிற்று. கையூஸ்காரர்களிடம் போக வேண்டாம் என்று நெஸ் பெர்ஸ் ஆட்களே எச்சரித்தார்கள். 1836 டிசம்பர் 10 அன்று நார்சிஸா தன் வீட்டுக்குள் நுழைந்தபோது கதவு, ஜன்னலுக்குப் பதில் கம்பளிதான் தொங்கியது.

மிஷனரி மனைவிக்குப் போர்டு கொடுத்த வேலை என்னவென்று பார்த்தால்தான் பிறகு நடந்தது புரியும். அவள் பிரசங்கம் செய்யக் கூடாது. சுத்தமான வீடு, நேரத்துக்குச் சாப்பாடு, அடக்கமான பிள்ளைகள், குடும்ப ஜெபம் என்று ஒரு கிறிஸ்தவ இல்லத்தை நடத்திக் காட்ட வேண்டும். அதாவது வீடே பிரசங்கம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கையூஸ் மக்கள் குதிரைச் செல்வர்கள். கிழங்கு தோண்ட ஒரு பருவம், சால்மன் மீனுக்கு ஒரு பருவம், வேட்டைக்கு ஒரு பருவம் என்று இடம்பெயர்ந்து வாழ்ந்தவர்கள். ஒரே இடத்தில் கதவடைத்துக் குடியிருக்கும் வாழ்க்கை அவர்களுக்குப் புதிர். தங்கள் நிலத்தில் நிற்கிற வீட்டுக்குள் கேட்டுவிட்டு நுழைய வேண்டும் என்பது அதைவிடப் பெரிய புதிர். காட்சிக்கு வைத்த வீடுதானே என்று அவர்கள் காலை முதல் இரவுவரை உள்ளே வந்தார்கள், அடுப்பருகில் உட்கார்ந்தார்கள், ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள்.

நார்சிஸாவால் அதைத் தாங்க முடியவில்லை. 1840 மே மாதம் அம்மாவுக்கு எழுதிய கடிதம் அவர் எழுதியவற்றிலேயே மிக நேர்மையானதும் மிகக் கசப்பானதும். சமையலறை எப்போதும் நான்கைந்து பேரால் நிறைந்திருக்கிறது. அவர்கள் போனபின் கழுவித் தீரவில்லை. புது வீட்டில் அவர்களுக்குத் தனி அறை ஒதுக்கி மற்ற அறைகளுக்குள் விடப்போவதில்லை என்கிறார். அங்கே தொழுகை நடத்தக் கேட்டார்களாம். அழுக்காக்கித் தெள்ளுப்பூச்சி நிரப்பிவிடுவார்கள் என்று மறுத்ததையும் மறைக்காமல் எழுதுகிறார். அவர்களை உயர்த்த வந்தோமே தவிர அவர்கள் நிலைக்கு இறங்க வரவில்லை என்றும் ஒரு வரி. உயர்த்துவதற்கு வீட்டைக் காட்ட வேண்டும். வீட்டைக் காக்க அவர்களை வெளியே நிறுத்த வேண்டும். இந்த முடிச்சை அவர் கடைசிவரை அவிழ்க்கவில்லை.

அதே கடிதத்தில் கையூஸ் தரப்பின் குரல் ஒன்றும் பதிவாகியிருக்கிறது. மார்க்கஸ் நரகத்தைப் பற்றிப் பேசிப் பேசியதைக் கேட்டு, வேட்டையும் சாப்பாடும் தூக்கமும் மட்டும் தெரிந்திருந்த காலம் நன்றாக இருந்தது, இப்போது கெட்டுவிட்டது என்று ஒருவர் சொன்னாராம். நார்சிஸா இதைச் சத்தியம் மனதைத் தைத்ததன் அடையாளமாக எடுத்துக்கொள்கிறார். எனக்கு அது வெறும் அலுப்பாகத்தான் தெரிகிறது.

கையூஸ் மக்கள் மனமாரத் தங்களவளாக ஏற்றுக்கொண்டது ஒரே ஓர் ஆளைத்தான். 1837 மார்ச் 14, தாயின் பிறந்தநாளன்றே பிறந்த அலிஸ் கிளாரிஸா. தங்கள் மண்ணில் பிறந்ததால் கையூஸ் பெண் என்றே அழைத்தார்கள். அவள் வாயில் ஆங்கிலமும் நெஸ் பெர்ஸ் மொழியும் ஒன்றாகவே வந்தன. கையூஸ் மக்களும் அந்நாளில் பேசியது பெரும்பாலும் நெஸ் பெர்ஸ் மொழிதான். 1839 ஜூன் 23, ஞாயிற்றுக்கிழமை. பெற்றோர் புத்தகத்தில் மூழ்கியிருந்த நேரத்தில் இரண்டு வயதுக் குழந்தை இரண்டு கோப்பைகளோடு தண்ணீர் மொள்ள ஆற்றுக்குப் போனாள். கோப்பைகள் தண்ணீரில் தெரிந்தன. பூர்வகுடி ஒருவர் மூழ்கித் தேடி உடலை எடுத்துவந்தார். இந்தச் செய்தி அவள் பாட்டிக்குப் போய்ச் சேரவே மாதங்கள் பிடித்திருக்கும். ஊரைவிட்டு வந்தபின் வீட்டிலிருந்து நார்சிஸாவுக்கு முதல் கடிதம் கிடைக்கவே இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

தனிமைக்கு மருந்தாக 1838-இல் மிஷன் பெண்கள் சேர்ந்து கொலம்பியா தாய்மார் சங்கம் தொடங்கினார்கள். குறிப்பிட்ட நேரத்தில் அவரவர் இடத்தில் பிள்ளைகளுக்காக ஜெபிப்பது, கிடைக்கும் புத்தகங்களைப் பரிமாறிக்கொள்வது. அந்தப் பிரதேசத்தின் முதல் பெண்கள் சங்கம் அது. ஆனால் அதே ஆண்டு குளிர்காலத்தில் புதிதாக வந்த தம்பதிகள் எல்லோரும் வையிலட்புவின் ஒரே வீட்டில் அடைந்து கிடந்தபோது சண்டை வெடித்தது. ஆண்கள் இருக்கும் கூட்டத்தில் பெண் வாய்விட்டு ஜெபிக்கலாமா என்பதும் அதில் ஒன்று. எழுப்புதல் கூட்டங்களில் வளர்ந்த நார்சிஸாவுக்கு அது இயல்பு. புதிதாக வந்தவர்களில் சிலருக்கு அது அடக்கக்கேடு.

லாப்வாயில் எலைசா ஸ்பால்டிங் வேறு மாதிரி. ஒல்லியான, அடிக்கடி நோய்வாய்ப்படும், யாரும் அழகி என்று சொல்லாத பெண். நெஸ் பெர்ஸ் மொழியைச் சிக்கெனப் பிடித்துக்கொண்டார். படம் வரைந்து பாடம் சொன்னார். 1839-இல் ஹவாயிலிருந்த போர்டின் மிஷனிலிருந்து ஓர் அச்சு இயந்திரம் வந்தது. நெஸ் பெர்ஸ் மொழியில் சிறு நூல்கள் லாப்வாயில் அச்சாயின. எலைசா வீட்டிலும் கூட்டம்தான், ஆனால் அந்தக் கூட்டம்தான் தன் வேலை என்று எடுத்துக்கொண்டார். நார்சிஸாவின் புத்தி கூர்மையும் குரலும் எலைசாவுக்கு இல்லை. எலைசாவின் பொறுமை நார்சிஸாவுக்கு இல்லை. பிராட்ஸ்பர்க் பள்ளியொன்றில் ஆசிரியையாக நார்சிஸா பெயரெடுத்திருப்பார் என்று தோன்றுகிறது. அதற்காக 1847-இல் வையிலட்புவில் நடந்த கொலைகளின் பழியை முழுக்க அவர் குணத்தின் தலையில் கட்டுவது தவறு. அங்கே நிலம் என்ற ஒன்று நடுவில் வந்தது.

மிஷனரிகளின் உட்சண்டைக் கடிதங்கள் குவிந்து, பலனும் சொல்லிக்கொள்ளும்படி இல்லாததால், வையிலட்புவையும் லாப்வாயையும் மூடும்படி 1842-இல் போர்டு உத்தரவிட்டது. அதை மாற்றக் கேட்டு மார்க்கஸ் அக்டோபரில் குதிரையேறிக் கிழக்கே போனார். அவர் போன சில நாட்களில் ஓர் இரவு யாரோ நார்சிஸாவின் படுக்கையறைக் கதவைத் திறக்க முயன்றார்கள். அவர் பக்கத்திலிருந்த வல்லா வல்லா கோட்டைக்குத் தப்பிப் போய், பிறகு மெதடிஸ்ட் மிஷனில் தங்கினார். அந்தக் குளிர்காலம் வருவதற்குள் மாவு மில்லும் எரிந்தது. மார்க்கஸ் போர்டைச் சம்மதிக்கவைத்து 1843-இல் திரும்பியபோது தனியாக வரவில்லை. ஏறத்தாழ 1,000 குடியேறிகளின் வண்டித்தொடருக்கு வழிகாட்டியாக வந்தார்.

அந்த இலையுதிர்காலத்தோடு மிஷன் என்பது பெயரளவுக்குத்தான். வையிலட்பு மேற்கே போகும் வெள்ளையரின் சத்திரமாயிற்று. ஒவ்வோர் ஆண்டும் பசித்தவர்களும் நோயாளிகளும் அநாதைகளும் வந்து இறங்கினார்கள். நார்சிஸா அவர்களுக்குத் தாயானார், மனப்பூர்வமாக. அம்புமுனை எடுக்கப்பட்ட பிரிட்ஜர் தன் மகளைக் கொண்டுவந்து விட்டிருந்தார். ஜோ மீக் என்ற இன்னொரு வேட்டைக்காரரின் மகளும் இருந்தாள். இருவரும் பூர்வகுடித் தாய்க்குப் பிறந்தவர்கள். 1844-இல் பயணத்திலேயே தாய் தந்தை இருவரையும் இழந்த சேகர் குடும்பத்துப் பிள்ளைகள் ஏழு பேர் வந்தார்கள். கடைசிக் குழந்தை வழியில் பிறந்த கைக்குழந்தை. அலிஸை இழந்த தாய் அதைத்தான் முதலில் கையில் வாங்கினார் என்றால் வியப்பில்லை. காலை எழுந்ததும் ஆற்றில் குளிப்பது, தோட்ட வேலை, பாட்டு, வேதபாடம் என்று பத்துப் பிள்ளைகளுக்கு மேல் வளர்த்தார். அவர் தேடி வந்த வேலை அதுவல்ல. ஆனால் அவருக்குக் கைவந்த வேலை அதுதான்.

கையூஸ் மக்கள் இதை வெளியிலிருந்து பார்த்தார்கள். எங்களுக்காக வந்ததாகச் சொன்னவர்கள் இப்போது யாருக்காக விதைக்கிறார்கள்? நிலத்துக்குக் குத்தகையும் தரவில்லை. 1841-லேயே இந்தத் தகராறில் டிலோகைக்ட் என்ற தலைவர் மார்க்கஸின் காதைப் பிடித்து இழுத்து, தொப்பியைச் சேற்றில் எறிந்திருக்கிறார். வான்கூவர் கோட்டையிலிருந்து மெக்லாக்லின் இடத்தைவிட்டுப் போய்விடும்படி எச்சரித்தார். மார்க்கஸ் கேட்கவில்லை.

இதற்கு மேல் மருத்துவம். நோயாளி செத்தால் வைத்தியரின் உயிரை எடுக்கலாம் என்பது கையூஸ் வழக்கம். மந்திரத்தால் குணமாக்கும் சக்தி கொல்லவும் செய்யும் என்ற நம்பிக்கையின் மறுபக்கம் அது. விட்மன் தம்பதிக்கு இது தெரியாமலில்லை. 1837-இலேயே உம்டிப்பே என்ற தலைவர், என் மனைவி இறந்தால் நீயும் இறப்பாய் என்று மார்க்கஸிடம் சொன்னதை நார்சிஸா ஊருக்கு எழுதியிருக்கிறார். போதாக்குறைக்கு, மிஷனின் கைவினைஞர் வில்லியம் கிரே தர்ப்பூசணி திருடுபவர்களுக்குப் பாடம் கற்பிக்கப் பழங்களில் பேதி மருந்தைச் செலுத்தினார். ஓநாய்களுக்கென்று விஷம் தடவிய இறைச்சியும் வைக்கப்பட்டது. விளையாட்டாகச் செய்ததானாலும், இந்த வீட்டுக்காரர்களிடம் விஷம் இருக்கிறது என்பது நிரூபணமாகிவிட்டது.

1847-இல் 4,000 பேருக்கு மேல் அந்தப் பாதையில் வந்தார்கள். தட்டம்மையும் அங்கே பரவியது. மார்க்கஸ் இரு தரப்புக்கும் ஒரே மருந்தைத்தான் கொடுத்தார். நோய் எதிர்ப்புச் சக்தி ஏற்கெனவே இருந்த வெள்ளைப் பிள்ளைகள் பெரும்பாலும் எழுந்து நடமாடினார்கள். கையூஸ் பிள்ளைகள் செத்தார்கள். கையூஸ் மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் மடிந்ததாகக் கணக்கிடுகிறார்கள். டிலோகைக்ட்டும் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர். நிலத்துக்காக வைத்தியர் விஷம் வைக்கிறார் என்ற வதந்திக்கு அதன்பின் சாட்சியே தேவைப்படவில்லை.

நவம்பர் 29 அன்று மருந்து கேட்பதுபோல் சமையலறைக்குள் வந்தார்கள். அங்கே மார்க்கஸ் வெட்டப்பட்டார். ஜன்னலருகே நின்ற நார்சிஸாவின் மேல் குண்டு பாய்ந்தது. மாடியில் ஒளிந்திருந்தவரை, பாதுகாப்பாகக் கொண்டுபோவதாகச் சொல்லிச் சாய்விருக்கையில் கிடத்தி வெளியே தூக்கிவந்து மறுபடி சுட்டார்கள். கொல்லப்பட்டவர்களில் ஒரே பெண் அவர். சேகர் பிள்ளைகளில் மூத்த இருவரும் மாண்டார்கள். உயிரோடு பிடிபட்ட சுமார் ஐம்பது பேரை ஒரு மாதம் கழித்து ஹட்சன் விரிகுடா கம்பெனியின் பீட்டர் ஸ்கீன் ஆக்டன் கம்பளி, சட்டை, துப்பாக்கி, வெடிமருந்து, புகையிலை கொடுத்து மீட்டார். எலைசா ஸ்பால்டிங்குக்கு நெஸ் பெர்ஸ் மக்களே காவல் இருந்தார்கள்.

அதே 1847-இல் அதே போர்டு அனுப்பிய இன்னொரு மருத்துவர், சாமுவேல் கிரீன், யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார், தமிழில் மருத்துவ நூல்கள் வெளியிட்டார். நோயாளிகள் அவரிடமும் செத்திருப்பார்கள். உடுவில் பள்ளியைத் தொடங்கிய ஹாரியட் வின்ஸ்லோவும் நார்சிஸாவின் அச்சில் வார்த்த நியூ இங்கிலாந்துப் பக்திப் பெண்தான். யாழ்ப்பாணத்து வீட்டுப் பழக்கங்களை அவரும் ஒன்றும் மெச்சிவிடவில்லை. ஆனால் அவர்கள் பின்னால் வண்டித்தொடர் வரவில்லை. புதிய அமெரிக்க மிஷனரிகளையே பிரிட்டிஷ் அரசு 1820 முதல் பல ஆண்டுகள் இலங்கைக்குள் விடவில்லை. தமிழர்களிடம் எண்ணிக்கை இருந்தது, நிலம் இருந்தது, ஏடும் எழுத்தாணியும் புலமையும் இருந்தன. அதனால் அங்கே எதிர்ப்பு ஆறுமுக நாவலர் 1848-இல் வண்ணார்பண்ணையில் தொடங்கிய பள்ளியாகவும், பிறகு அச்சுக்கூடமாகவும் எழுந்தது. மிஷனரி ஆணவம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். அதற்குப் பின்பலமாகக் குடியேற்றம் இருந்ததா இல்லையா என்பதில்தான் வித்தியாசம்.

ஓரிகனில் அந்தப் பின்பலம் இருந்தது. ஜோ மீக் செய்தியோடு தலைநகர் வாஷிங்டனுக்கு ஓடினார்; 1848 ஆகஸ்டில் ஓரிகன் அமெரிக்காவின் ஆட்சிப் பிரதேசமாயிற்று. இரண்டாண்டு துரத்தலுக்குப் பின் ஐந்து கையூஸ் ஆண்கள் சரணடைந்தார்கள். கொலை நடந்த நாளில் தான் அங்கே இல்லை என்று ஒருவர் சொல்லியும் 1850 ஜூன் 3 அன்று ஓரிகன் சிட்டியில் ஐவரையும் தூக்கிலிட்டார்கள். டிலோகைக்ட் அவர்களில் ஒருவர். தூக்குத் தண்டனையை நிறைவேற்றியவர் மார்ஷலாகியிருந்த மீக். அவர் மகள் வையிலட்புவில் சிறைப்பட்டிருந்தபோது தட்டம்மையில் இறந்தவள். 1855 ஒப்பந்தத்தில் கையூஸ் நிலத்தின் பெரும்பகுதி கைமாறியது.

கதையும் கைமாறியது. ஸ்பால்டிங்கும் கிரேயும், மார்க்கஸ் 1842-இல் கிழக்கே போனது ஓரிகனை அமெரிக்காவுக்குக் காப்பாற்றத்தான் என்று பரப்பினார்கள். பாடப்புத்தகங்கள் அதை நம்பின. 1901-இல் யேல் பல்கலைக்கழகத்து வரலாற்றாசிரியர் எட்வர்ட் பூர்ன் ஆதாரங்களைப் பிரித்துப் பார்த்து அது கட்டுக்கதை என்று காட்டினார். இருந்தும் 1953-இல் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டிடத்தில் மார்க்கஸுக்குச் சிலை ஏறியது. 2021-இல், வையிலட்பு இன்று அடங்கியிருக்கும் வாஷிங்டன் மாநிலத்தின் சட்டமன்றம் அதற்குப் பதிலாக பில்லி ஃபிராங்க் ஜூனியரின் சிலையை வைக்கத் தீர்மானித்தது. பூர்வகுடிகளின் மீன்பிடி உரிமைக்காகப் போராடியவர் அவர். நார்சிஸாவை ஒரு நூற்றாண்டுக்கு மேல் தியாகி என்றார்கள், பிறகு இனவெறி பிடித்தவர் என்றார்கள். இரண்டு தரப்பும் மேற்கோள் காட்டுவது அதே கடிதங்களைத்தான்: வறட்டி அடுப்பைப் பற்றித் தங்கையைச் சீண்டியதும் அவர்தான், தெள்ளுப்பூச்சிக்குப் பயந்து கதவடைத்ததும் அவர்தான்.